டெக்சஸில் எல்பிசி சூப்பர்விஷன்: கொடுத்த காசுக்குத் தகுமா?

கவுன்சலிங்கில் மாஸ்டர்ஸ் முடித்து, என்சிஇ என்ற தேசிய கவுன்சலர் தேர்வும் மாநிலச் சட்டத் தேர்வும் பாஸ் பண்ணிவிட்டால் எல்பிசி (லைசென்ஸ்டு ப்ரொஃபஷனல் கவுன்சலர்) லைசென்ஸ் வந்துவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் முதலில் வருவது 'எல்பிசி அசோசியேட்', அதாவது சூப்பர்வைசரின் மேற்பார்வையில் வேலை பார்க்க மட்டுமே தரும் லைசென்ஸ். அதன் பிறகு 3,000 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். அதில் 1,500 மணி நேரம் க்ளையண்ட்டோடு நேரடியாக உட்கார்ந்த நேரமாக இருக்க வேண்டும். எவ்வளவு வேகமாக ஓடினாலும் 18 மாதத்துக்கு முன் முடிக்க முடியாது. கூடவே மாதம் 4 மணி நேரமாவது அங்கீகாரம் பெற்ற சூப்பர்வைசரிடம் உட்கார்ந்து நம் கேஸ்களைப் பற்றிப் பேச வேண்டும், அதுதான் சூப்பர்விஷன். வேலை பார்க்கும் இடத்தில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால் செலவு நம் தலையில்.

அப்படி மாதக் கட்டணம் கட்டிச் சேர்ந்த ஒரு தனியார் சூப்பர்விஷன் சேவை பற்றித்தான் இது. பெயர் வேண்டாம்.

தனி அமர்வு அருமை. சூப்பர்வைசர் அம்மா கறார்ப் பேர்வழி. எங்கள் குரூப்பைச் சேர்ந்த ஒருவர் தன் கேஸ் நோட்டில் 'க்ளையண்ட் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தார். அம்மா அதை அடித்துவிட்டு, "க்ளையண்ட் என்ன செய்தார், அதை எழுதுங்கள்" என்றார். 'மூன்று தடவை தாமதமாக வந்தார், வீட்டு வன்முறை பற்றிக் கேட்டதும் போனை எடுத்துப் பார்த்தார்' என்று நோட் மாறியது. அதன் பிறகு அந்தக் கேஸைப் பற்றிய பேச்சே வேறு திசையில் போனது. இதைப் பாடப் புத்தகம் சொல்லித் தராது.

குரூப் அமர்வுதான் ஏமாற்றம். பாதி நேரம் யாரோ ஒருவரின் இன்சூரன்ஸ் பில்லிங் தகராறிலேயே போய்விடும். நாம் லீவு போட்டாலும் முழுப் பணம் கட்ட வேண்டும், அதைச் சேரும்போது யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

பெரிய குறை, மணிக்கணக்குத் தாளில் கையெழுத்து. மெயில் போட்டு, நினைவூட்டி, மறுபடியும் நினைவூட்டித்தான் வாங்கினேன். இது சின்ன விஷயமில்லை. சூப்பர்வைசர் உறுதி செய்து கொடுக்காவிட்டால் நாம் பார்த்த வேலை, லைசென்ஸ் தரும் மாநில போர்டின் கணக்கில் ஏறாது. நடுவில் சூப்பர்வைசரை மாற்றுபவர்கள் அதுவரை உள்ள மணிகளுக்குக் கையெழுத்து வாங்காமல் கிளம்பவே கூடாது.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். சேர நினைப்பவர்கள் முதல் போனிலேயே கையெழுத்து எத்தனை நாளில் கிடைக்கும், லீவுக்குக் கட்டணம் உண்டா, மாதம் 4 மணி நேரத்தில் தனி அமர்வு எவ்வளவு நேரம் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு மாநிலமென்றால் மணிக்கணக்கு விதியே மாறும். உங்கள் போர்டின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.