ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்திருக்காங்களா? கரையோரப் பூந்தோட்டத்துல மலையில ஆரம்பிங்க

ஜூன் ஸ்கூல் லீவுக்கு மன்னார்குடிலேர்ந்து அம்மா சிங்கப்பூருக்கு வந்திருந்தாங்க, தேக்கா கோயில் கடைத்தெருன்னு மூணு நாள் சுத்தியாச்சு, நாலாவது நாள் கரையோரப் பூந்தோட்டத்துக்கு, அதான் கார்டன்ஸ் பை த பேக்கு, போலாம்னு கிளம்புனோம். அம்மாவுக்கு முட்டி வலி, பாப்பாவுக்கு 5 வயசு, ரெண்டு பேருமே அரை மணிக்கு ஒருதடவை உக்காரணும்னு சொல்ற ஆளுங்க. அந்த மாதிரி செட்டோட போறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ.

முதல்ல நான் பண்ணுன முட்டாள்தனம். விலை குறைவா இருக்கேன்னு ஏதோ ஒரு ஆன்லைன் சைட்ல (பேரு வேணாம்) டிக்கெட் போட்டேன், அங்க போய் பாத்தா அது ஃபிளவர் டோம்ங்கற பூக்கூடத்துக்கு மட்டும்தான், மலை இருக்கற கிளவுட் ஃபாரஸ்ட் கூடத்துக்கு திரும்ப ஒருதடவை தண்டம் அழுதேன், வூட்டுக்காரம்மா மூஞ்சிய நீங்களே நினைச்சு பாத்துக்கோங்க. ரெண்டு கண்ணாடிக் கூடமும் சேந்து இருக்கான்னு படிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. இங்க இருக்கறவங்களுக்கு ரேட்டு குறைவு, டூரிஸ்ட்டுக்கு அதிகம், அதனால ஐசிய (அடையாள அட்டைய) மறக்காதீங்க.

ஃபிளவர் டோம் பெருசுன்னா அப்படி ஒரு பெருசு. 1.2 ஹெக்டேர், உலகத்துலயே பெரிய கண்ணாடித் தோட்டம்னு 2015ல கின்னஸ்ல போட்டாங்க, நடுவுல ஒரு தூண் கிடையாது. அம்மாகிட்ட கிட்டத்தட்ட மூணு ஏக்கர்மான்னு சொன்னேன், கொஞ்ச நேரம் மேலேயே பாத்துட்டு "நம்ம வாய்க்கா ஓரத்து வயலு மொத்தமும் உள்ள வந்துடும்டா"ன்னாங்க. ராமநாதபுரம் பக்கம் ஆனைப்புளிய மரம்னு சொல்வாங்களே, அந்த பாவோபாப் மரம் தொப்பை போட்டுக்கிட்டு நிக்குது, ஆயிரம் வருசத்து ஆலிவ் மரமும் இருக்கு, நம்ம தஞ்சாவூர் பெரிய கோயில் வயசு. நாங்க போனப்ப ரோஜா வச்சிருந்தாங்க, சீசனுக்கு சீசன் மாத்துவாங்க. அம்மா ஒவ்வொண்ணா குனிஞ்சு மோந்து பாத்துக்கிட்டே வந்து ஒரு மஞ்சள் ரோஸ்கிட்ட மட்டும் நின்னு "இதுல இருக்கு"ன்னாங்க. அதுக்கே ஒரு மணி நேரம் போச்சு, முட்டியும் போச்சு.

வெளியில கொளுத்துற வெயில்ல உள்ள மட்டும் 23லேர்ந்து 25 டிகிரி. குளிர் நாட்டுல கண்ணாடி வீடு கட்டுறது செடிக்கு சூடு வேணும்னு, இங்க தலைகீழ். எப்படிடா இவ்ளோ இடத்துக்கும் ஏசி போடுறான்னு அம்மா கேக்க, ஸ்கூல்ல கூட்டிட்டு போனப்பவே எல்லாத்தையும் கேட்டுட்டு வந்திருந்த பெரியவன் விளக்குனான்: ஊர்ல வெட்டுற மரக்கிளையெல்லாம் எரிச்சு அதுல வர்ற சக்திலதான் குளிர வைக்கறாங்க, அதுவும் மேல வரைக்கும் இல்ல, ஆளுங்க நடக்கற உயரத்துக்கு மட்டும். "அடுப்பெரிச்சு குளிர் உண்டாக்குறானா!" அம்மாவுக்கு அன்னிக்கு முழுக்க இதே பேச்சு. வெளிய மரம் மாதிரி கட்டி நிறுத்தியிருக்கற சூப்பர்ட்ரீ கோபுரத்துல சிலது அந்த அடுப்புக்கு புகைபோக்கி மாதிரின்னு சொன்னதும் இன்னும் சிரிப்பு.

இப்ப மேட்டருக்கு வர்றேன். கிளவுட் ஃபாரஸ்ட் இடத்துல சின்னது, 0.8 ஹெக்டேர்தான், ஆனா எனக்கு இதுதான் உசத்தி. கதவு திறந்ததும் 35 மீட்டர் அருவி நேரா மூஞ்சில சாரல் அடிக்குது. கட்டடத்துக்குள்ள உள்ள அருவியில இதுதான் உலகத்துலயே உசரம்னு இருந்தது, 2019ல சாங்கி ஏர்போர்ட் ஜூவல்ல 40 மீட்டருக்கு ஒண்ணு வந்து அந்தப் பட்டம் போச்சு. போனா போகட்டும், இங்க பச்சை இருக்கு. உள்ள கட்டி வச்சிருக்கற மலை முழுக்க பாசி, பெரணி, ஆர்க்கிட், ஒரு இஞ்ச் சுவர் தெரியாது.

முக்கியமான விசயம், இந்த மலைய ஏற வேணாம். லிஃப்ட்ல உச்சிக்கு போய், அங்க பூச்சி பிடிக்கற குடுவைச் செடியெல்லாம் பாத்துட்டு (பாப்பா குடுவைக்குள்ள எட்டிப் பாத்து "உள்ள எறும்பு செத்து கெடக்கு பாட்டி"ன்னு கத்துனா), மலையச் சுத்தி அந்தரத்துல நீட்டியிருக்கற பாதையில மெதுவா இறங்கி வந்தா போதும், வீல்சேர்காரங்களும் நிறைய பேர் வந்தாங்க. எனக்கு உசரம்னா பயம், கம்பிய பிடிச்சுக்கிட்டு கீழ பாக்காம வந்தேன், அம்மா எனக்கு முன்னாடி கைய வீசிக்கிட்டு போறாங்க. பனிப்புகை விட்டப்ப ரெண்டடி தள்ளி இருந்த பாப்பாவ காணோம், அம்மா முந்தானைய தலைக்கு மேல போட்டுக்கிட்டு "கொடைக்கானலுக்கு வாந்தி எடுத்துக்கிட்டே போனோமே, ஞாபகம் இருக்கா"ன்னாங்க.

அதனால சொல்றேன், காலையில பசியாறிட்டு நேரா இதுக்கு போயிடுங்க, கால் நல்லா இருக்கும்போதே, ஃபிளவர் டோமுல உக்கார இடம் இருக்கு, அதை அப்புறம் பாத்துக்கலாம். ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. வெளிய வந்ததும் மூக்குக் கண்ணாடியும் ஃபோன் லென்ஸும் ஆவி பிடிச்சு ஒண்ணும் தெரியாது, போட்டோவுக்கு அவசரப்படாதீங்க. எலுமிச்சை சாதம் கட்டிட்டு போயிருந்தோம், வெளித்தோட்டத்துக்கு காசு கிடையாது, அங்க நிழல்ல உக்காந்து சாப்பிட்டோம். ராத்திரி 7:45க்கு சூப்பர்ட்ரீ லைட் ஷோவும் ஃப்ரீதான், பாப்பா தோள்ல தூங்கிட்டா, பாதியில கிளம்பிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெரியம்மாவுக்கு வீடியோ கால் போட்டாங்க. ரோஜா, ஆலிவ் மரம் எதுவும் சொல்லல. "மலையாக்கா, கண்ணாடிக்குள்ள ஒரு மலை. நான் ஏறவே இல்ல, இறங்கி மட்டும் வந்தேன்."