குளியலறையில் துணிக்கு மாறி சில வருடங்கள்: எது நிலைத்தது, எது நிற்கவில்லை

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருட்கள் எங்கள் குளியலறையில் இப்போது மிகக் குறைவு. மேக்கப் துடைக்கும் பஞ்சு வட்டங்கள், வெட் வைப்ஸ், டிஷ்யூ பேப்பரில் பெரும்பகுதி, நாப்கின் ஆகியவற்றின் இடத்தில் வீட்டிலேயே தைத்த துணிகள்தான் இருக்கின்றன. சில வருடங்களாக இப்படித்தான் ஓடுகிறது. எப்படித் தைப்பது என்று காட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. தைத்தது ஒன்றிரண்டு வருடம் கழித்து எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்பவர்கள்தான் குறைவு. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தையல் இதில் சின்ன வேலை. பயன்படுத்திய துணி அடுத்த சில நிமிடங்களில் எங்கே போகிறது, எவ்வளவு சீக்கிரம் முழுசாகக் காய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். காற்றும் வெயிலும் படும் இடம் ஒன்று இருந்தால் கோணல்மாணலாக வெட்டிய பழைய டி-ஷர்ட் கூட வருடக்கணக்கில் உழைக்கும். அது இல்லாவிட்டால் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் சில வாரங்களில் நாற்றம் வந்து, வீட்டில் எல்லோருக்கும் அலுத்துவிடும்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு முகம் துடைக்கும் துணிதான் சரியான தொடக்கம். ஒரு பக்கம் மெத்தென்ற ஃபிளானல், மறுபக்கம் பழைய துண்டு, சுற்றிலும் ஜிக்ஜாக் தையல், அவ்வளவுதான். கடையில் விற்கும் பஞ்சைப் போல வட்டமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் கிண்ணத்தைக் கவிழ்த்து வரைகிறார்கள். நான் இப்போது எட்டு சென்டிமீட்டர் சதுரமாகவே வெட்டுகிறேன். சதுரத்திலிருந்து வட்டம் வெட்டினால் துணியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூலைகளில் வீணாகிறது. வளைவில் மெஷினைத் திருப்பித் திருப்பி ஓட்டுவதும் பொறுமையைச் சோதிக்கும். முகத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

டோனர் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. காய்ந்த துணியில் நேரடியாக ஊற்றினால் பாதியைத் துணியே குடித்துவிடும். முதலில் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவின் கறை முழுசாகப் போகாது, அதனால் கண்ணுக்கு மட்டும் கறுப்புத் துணி தனியாக வைத்திருக்கிறேன். மைக்ரோஃபைபர் இன்னும் சுத்தமாகத் துடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதுவும் பிளாஸ்டிக் இழைதான். துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழைகள் உதிர்ந்து தண்ணீரோடு போகும். நான் பருத்தியிலேயே நின்றுவிட்டேன். இந்தச் சின்னச் சதுரங்களை மெஷினில் போடுவதாக இருந்தால் வலைப்பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் கதவு ரப்பரின் மடிப்பில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது வெட் வைப்ஸ். அவற்றில் பலவும் பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் இழைகள் கலந்தவை. டாய்லெட் பேப்பரைப் போலத் தண்ணீரில் கரைந்து பிரியாது. 2017இல் லண்டன் வைட்சாப்பல் பகுதியின் கழிவுநீர்க் குழாயில் சுமார் 250 மீட்டர் நீளம், 130 டன் எடைக்கு ஓர் அடைப்பு கண்டுபிடிக்கப்பட்டது. சமையல் கொழுப்பும் வெட் வைப்ஸும் இறுகிப் போய் உருவானது அது. துடைத்ததைக் குழியில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டால் கதை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம், அது அடுத்த தெருவில் போய் உட்கார்ந்திருக்கிறது.

வைப்ஸுக்கு மாற்றாகத் துணியை ஏதோ ஒரு கரைசலில் ஊறவைத்து டப்பாவில் அடைத்து வைக்கும் குறிப்புகள் நிறைய சுற்றுகின்றன. அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கடை வைப்ஸ் ஈரமாகவே மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு அதில் சேர்க்கும் பாதுகாப்புப் பொருட்கள்தான் காரணம். வீட்டுக் கரைசலில் அது கிடையாது. மூடிய டப்பாவில் ஈரத்துணி சில நாட்களிலேயே பூஞ்சை பிடிக்கும். காய்ந்த துணியை அடுக்கி வைத்து, வேண்டும்போது குழாயில் நனைத்துக்கொண்டால் போதும்.

டிஷ்யூ பேப்பர் விஷயத்தில் ஒரு எல்லை வகுத்திருக்கிறோம். தண்ணீரால் சுத்தமாகக் கழுவிய பிறகு ஈரம் ஒற்றுவதற்கு மட்டும்தான் துணி. ஆளுக்கொரு நிறம், ஒருவருடையதை இன்னொருவர் தொடுவதில்லை, ஒருமுறை ஒற்றியதும் வாளிக்குப் போய்விடும். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு, கண்வலி, தோல் தொற்று என்று வந்தால் அது சரியாகும்வரை அவர்களுக்குப் பேப்பர்தான். கொள்கைக்காக நோயைப் பரப்புவதில் எந்தப் பெருமையும் இல்லை.

இனி துணி பேட். பெரும்பாலானோர் தயங்குவது இங்கேதான், எனக்குச் சொல்ல அதிகம் இருப்பதும் இங்கேதான்.

கடை நாப்கின் மெல்லிசாக இருந்தும் அவ்வளவு தாங்குவதற்குக் காரணம் பல வகைகளின் உள்ளே இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி. அது திரவத்தை உறிஞ்சி ஜெல்லாக மாற்றிப் பூட்டிவிடும். துணியில் அப்படி எதுவும் நடப்பதில்லை. இழைகளுக்கு நடுவே ஈரம் நிற்கும், மேலே உட்கார்ந்து அழுத்தினால் மெல்ல வெளியே வரும். ஆகவே ஈரம் முன்கூட்டியே தெரியும், மாற்றவும் சீக்கிரம் தோன்றும். நான் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்றிவிடுகிறேன், முதல் இரண்டு நாளில் அதற்கும் முன்பே. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எந்த பேடையும் நாள் முழுக்க வைத்திருக்கக் கூடாது என்பதால் எனக்கு இது குறையாகப் படவில்லை. கோடையில் தொடை இடுக்கில் வந்துகொண்டிருந்த அரிப்பும் சிவப்பும் துணிக்கு மாறிய பிறகு எனக்கு நின்றுபோனது. எல்லோருக்கும் நிற்கும் என்று சொல்ல மாட்டேன். என் தோலுக்கு நின்றது.

வடிவத்தில்தான் எனக்குப் பெரிய பாடம். மேலே ஃபிளானல், நடுவில் துண்டுத்துணி நான்கைந்து அடுக்கு, கீழே தண்ணீர் புகாத துணி, எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாகத் தைப்பதுதான் பரவலாகச் சொல்லித்தரப்படும் முறை. பார்க்கக் கடை பேட் போலவே இருக்கும், கசியவும் செய்யாது. சிக்கல் காயும்போது வரும். மேல்துணி சூடாக, மொரமொரவென்று காய்ந்திருக்கும். நடுவில் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துச் சில நொடி காத்திருந்தால் உள்ளே குளுமை தெரியும். அந்தக் குளுமைதான் ஈரம். அதோடு மடித்துப் பெட்டியில் வைத்தால் அடுத்த மாதம் எடுக்கும்போது புழுங்கிய வாடை வரும்.

இப்போது நான் தைப்பது இரண்டு துண்டாக. ஒன்று உறை: மேலே பருத்தி, கீழே தண்ணீர் புகாத துணி, இரண்டு பக்கமும் இறக்கை, இறக்கையில் டிச் பட்டன். உறையின் நீளம் இருபத்தைந்து சென்டிமீட்டர், நடு அகலம் ஏழு. இரவுக்கு முப்பது சென்டிமீட்டர் நீளத்தில் தனியாக. மற்றொன்று உள்ளே வைக்கும் துணி: ஓரம் அடித்த ஒற்றைத் துண்டுத்துணி, மூன்றாக மடித்து உறையின் மேல் இருக்கும் பட்டைகளில் செருகிக்கொள்வது. துவைக்கும்போது விரித்துவிட்டால் அது ஒற்றை அடுக்குதான். ஐந்தடுக்கு பேட் ஒரு பகல் முழுக்கக் காயும் வெயிலில் இது மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. அதிகம் போகும் நாளில் இரண்டு துணி வைத்துக்கொள்ளலாம், கடைசி நாட்களில் வெறும் உறையே போதும்.

தண்ணீர் புகாத துணியைத் தைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. அதனால் பேடின் நடுவில் அலங்காரத் தையல் எதுவும் வேண்டாம், குண்டூசிக்குப் பதிலாகத் துணி கிளிப் போட்டுப் பிடியுங்கள். நூலும் பாலியெஸ்டராக இருப்பது நல்லது. பருத்தி நூல் தையல் வழியே ஈரத்தை உறிஞ்சி வெளியே கொண்டுவந்துவிடும். புதுப் பருத்தித் துணியாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே துவைத்துக் காயப்போடுங்கள். முதல் துவைப்புகளில் அது சுருங்கும், அப்புறம் தைத்த பேட் வில்லாக வளையும். பருத்தி இழையில் இயற்கையாகவே மெழுகு உண்டு. அது சரியாக நீங்காத துணியில் தண்ணீர் சொட்டு விட்டால் உருண்டு ஓடும். சில தடவை துவைத்த பிறகுதான் ஈரம் இழுக்கும். பழைய துண்டை வெட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

என் மகளுக்கு வீட்டில் துணி பேட் பிடித்திருந்தது. வெளியில்தான் தயக்கம். "நனைஞ்சதை பைக்குள்ள வெச்சுக்கிட்டு நாள் பூரா எப்படிம்மா சுத்துறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தண்ணீர் புகாத துணியில் ஜிப் வைத்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பை தைத்துக் கொடுத்தேன். உறையோடு சேர்த்து உள்பக்கமாக மடித்து, இறக்கையால் சுற்றிப் பட்டன் போட்டால் வெளியே எதுவும் தெரியாது, பையை மூடிவிட்டால் வாடையும் வராது. சில நாள் எடுத்துப்போகிறாள், சில நாள் கடை நாப்கினே எடுத்துப்போகிறாள். அவளுடைய உடம்பு, அவளுடைய வசதி. அதில் நான் தலையிடுவதில்லை.

துவைப்பது பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும். இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் பட்டால் இரத்தத்தில் இருக்கும் புரதம் உறைந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் என்ன செய்தாலும் பழுப்பு நிறம் போகாது. கழற்றியதும் குழாயடியில் அலசிப் பிழிந்துவிட்டால் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். உடனே முடியாதபோது மட்டும் வாளியில் ஊறவைக்கலாம், ஆனால் அந்தத் தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். மிஞ்சிய கறைக்கு மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில சொட்டு விட்டால் நுரைத்துக்கொண்டு கிளம்பும். சாயத் துணியை வெளுக்கும் குணம் அதற்கு உண்டு, ஒரு மூலையில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். கறை அலசிப் போன பிறகு சோப்புத்தூள் போட்டுத் துவைக்கலாம். ஒற்றும் துணிகளை அறுபது டிகிரியில் ஓட்டுகிறேன்.

ஃபேப்ரிக் கண்டிஷனர் இந்தத் துணிகளுக்கு ஆகவே ஆகாது. மெத்தென்று இருப்பதற்காக அது இழையின் மேல் ஒரு படலத்தைப் பூசும், அந்தப் படலம் ஈரத்தைத் தள்ளிவிடும். துணி "திடீரென்று உறிஞ்ச மாட்டேன் என்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். குளோரின் பிளீச் பருத்தியை இற்றுப்போகச் செய்யும், தண்ணீர் புகாத படலத்தையும் கெடுக்கும். உப்புத்தண்ணீரில் துவைத்துத் துணி விறைத்துப்போனால் கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் சேர்க்கலாம். பிளீச்சையும் வினிகரையும் மட்டும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள், விஷமான குளோரின் வாயு வரும்.

அம்மோனியா வாடையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சிறுநீரில் இருக்கும் யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது வருவது அது. மூடிய வாளியில் ஈரத்துணியைச் சேர்த்து வைத்தால் அதற்கு நாமே விருந்து வைக்கிற மாதிரி. எங்கள் வாளிக்கு மூடி கிடையாது. அலசிப் பிழிந்தவற்றை விளிம்பில் விரித்துப் போட்டுவிடுவோம், துவைக்கிற நாள் வரும்வரை அவை காற்றாடும்.

இதெல்லாம் செய்து பூமிக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நேரான பதில் உண்டு. எப்படித் துவைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2008இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை குழந்தைகளின் டயப்பர்களை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வெளியிட்டது. ஒரு குழந்தைக்கு இரண்டரை வருடத்துக்குக் கணக்குப் போட்டால் தூக்கிப்போடும் டயப்பரின் கரிம உமிழ்வு சுமார் 550 கிலோ, சராசரி முறையில் துவைக்கும் துணி டயப்பருக்கு சுமார் 570 கிலோ. அதாவது ஏறக்குறைய சமம். மெஷினை நிரப்பி ஓட்டி, கொடியில் காயப்போட்டு, அடுத்த குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் துணியின் பங்கு கணிசமாகக் குறைகிறது. டிரையரில் போட்டும் மிக அதிகச் சூட்டில் துவைத்தும் பழகினால் கடை டயப்பரை விட மோசமாகிறது. பேடுக்கும் முகத்துணிக்கும் இதே எண்கள் பொருந்தாது, ஆனால் தர்க்கம் அதேதான். புதுத் துணி வாங்கிக் குவித்து இதைத் தொடங்குவதும் எனக்குச் சம்மதமில்லை. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குப் பின்னால் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்பார்கள். ஏற்கெனவே வீட்டில் கிழிந்து கிடக்கும் துண்டும் போர்வையும் போதும். வாங்க வேண்டியது தண்ணீர் புகாத துணியும் பட்டனும் மட்டும்தான்.

எல்லாவற்றுக்கும் துணி சரிப்பட்டு வராது. காது பட்ஸுக்கு மாற்றாக விரலில் சுற்றும் துணி, குச்சி நுனியில் கட்டும் துணி என்றெல்லாம் தைக்கிறார்கள். காதுக்குள் எதையும் விட வேண்டிய தேவையே இல்லை, வெளிமடலைத் துண்டின் முனையால் துடைத்தால் போதும். அதனால் அதற்கு நான் மாற்றே தேடவில்லை. காயத்தின் மேல் வைக்கும் பஞ்சும் மருந்துக் கட்டும் கடையில் வாங்கும் சுத்திகரிக்கப்பட்டவைதான். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் மருத்துவர் சொல்வதையே கேளுங்கள். நீண்ட பயணத்தில், காயப்போட இடமில்லாத தங்கும் அறையில், நான் கடை நாப்கின்தான் எடுத்துப்போகிறேன்.

இப்போதைய நிலவரம் இது. முகத்துணிகளில் ஓரத்தையல் பிரிந்தவை சில, மறுபடி ஜிக்ஜாக் ஓட்டிச் சரிசெய்தேன். துண்டுத்துணிகள் நடுவில் மெலிந்திருக்கின்றன, வேலை செய்கின்றன. முதலில் தளர்ந்தவை உறைகள்தான். தண்ணீர் புகாத படலம் மடிப்பு விழும் இடத்தில் உரிய ஆரம்பித்தது, இரண்டு டிச் பட்டன்கள் பிய்ந்தன. உறையும் உள்துணியும் தனித்தனி என்பதால் உறையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். அடுத்த தொகுதியில் பட்டன் வரும் இடத்தில் இறக்கைக்குள் இன்னொரு அடுக்கு பருத்தி வைத்துத் தைக்கப் போகிறேன், படலத்தில் மட்டும் பட்டன் பிடித்தால் அது அதிக நாள் தாங்குவதில்லை.