லிம்சி மாத்திரை: ஈறு ரத்தத்துக்கு எதுவரை உதவும்?

பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது என்றதும் மருந்துக்கடைகளில் பலருக்கும் எடுத்து நீட்டப்படும் அட்டை இது. ஆரஞ்சுச் சுவை, மென்று தின்னும் வகை, மாத்திரைக்கு 500 மி.கி. வைட்டமின் சி. அதில் 100 மி.கி. மட்டுமே நேரடி அஸ்கார்பிக் அமிலம்; மீதி சோடியம் அஸ்கார்பேட்டாக இருப்பதால் புளிப்பு கொஞ்சம் மட்டுப்படுகிறது.

ஈறையும், பல்லை எலும்போடு கட்டிவைக்கும் நார்களையும் ஆக்குவது கொலாஜன். அந்த இழை உறுதிப்பட வைட்டமின் சி வேண்டும். சத்து குறைந்தால் ஈறு தளர்ந்து வீங்கும், நுண்ணிய ரத்தக்குழாய்கள் லேசில் உடையும். இந்தக் குறைபாடு உள்ளவருக்கு மாத்திரை நன்றாகவே வேலை செய்யும். ஓரிரு வாரத்தில் ரத்தம் குறையும். மற்றவர்களுக்கு? 2000-ல் வெளியான, 12,419 அமெரிக்கர்களின் தரவை ஆராய்ந்த ஆய்வில், வைட்டமின் சி குறைவாக உண்டவர்களுக்கு ஈறு நோய் வாய்ப்பு சுமார் 1.19 மடங்குதான். தொடர்பு உண்டு, ஆனால் மெல்லியது.

பல்லில் ஒட்டிய காரையை எந்த வைட்டமினும் கரைக்காது, பல் மருத்துவர் கருவியால் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்தான் வழி. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பள்ளம் 4 மி.மீ.க்கு மேல் போய்விட்டால் மாத்திரையை நம்பி நாள் கடத்துவது வீண். கரைந்த எலும்பு மாத்திரையால் திரும்ப வளராது. புகைப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு நோய் முற்றினாலும் ரத்தம் குறைவாகவே வரும், ஈறு தேறிவிட்டதுபோல் ஏமாற்றும்.

அளவும் மிகை. நாள் தேவை ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மி.கி. (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., 2020). உடல் 200 மி.கி. வரை ஏறக்குறைய முழுதாக உறிஞ்சும். அதற்குமேல் போகப்போக வீணாவது கூடும். பாதி மாத்திரை போதும்.

பலரும் செய்யும் தவறு, மிட்டாய்போல் கன்னத்தில் ஒதுக்கிச் சப்புவது. அமிலம் எனாமலை அரித்து, ஈறுக்காகத் தின்றது பல்லுக்கு வினையாகும். சாப்பாட்டுக்குப் பின் சட்டென்று மென்று விழுங்கி, தண்ணீரால் கொப்பளியுங்கள். அரை மணி நேரம் பிரஷ் தொடவேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்களும் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இதோடு வைட்டமின் டி-யும் சேர்த்து வாங்குவோர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வாங்கலாம். 60,000 யூனிட் பொட்டலம் வாரம் ஒருமுறைக்கானது; தினமும் தின்றால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.

100 கிராம் கொய்யாவிலேயே 200 மி.கி. வைட்டமின் சி இருக்கிறது. அது கிடைக்கும் மாதங்களில் அட்டை வாங்கும் காசை ஸ்கேலிங்குக்கு ஒதுக்கலாம்.