பிராக் போகிறீர்களா? எக்ஸ்சேஞ்ச் கடை ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்

டிசம்பர் விடுமுறைக்கு பிராக் போகலாம் என்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தாராளமாகப் போங்கள். பனிக்காலத்தில் அந்த ஊர் அவ்வளவு அழகு. ஆனால் கையில் யூரோ நோட்டோடு பழைய நகரப் பகுதிக்குள் நுழைவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், நியூரம்பெர்க்கில். 2024 கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஈரோட்டிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். இங்கிருந்து பிராக் பஸ்ஸில் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எல்லையில் நிறுத்துவார்கள், பாஸ்போர்ட் கேட்பார்கள் என்று அப்பா பையைத் தயாராக மடியில் வைத்திருந்தார். யாரும் ஏறவில்லை. எல்லை எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. வம்பு அங்கேதான் தொடங்குகிறது. நாடு மாறியது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பணம் மாறிவிடும். செக் நாடு 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் யூரோவுக்கு மாறவில்லை. அங்கே இன்னும் கிரௌன்தான். நாங்கள் போனபோது ஒரு யூரோவுக்கு 25 கிரௌன் வந்தது.

அப்பா ஈரோட்டிலேயே ரூபாயைக் கொடுத்து 300 யூரோ வாங்கி வந்திருந்தார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் கையால் ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்று ஆசை. பழைய நகரச் சதுக்கத்தில் அந்த வானியல் கடிகாரம் இருக்கிறதே, 1410-ஆம் ஆண்டிலிருந்து இருப்பது, மணி அடிக்கும்போது மேலே ஜன்னலில் பொம்மைகள் வரிசையாக வந்து போகும். அதைப் பார்க்க நாங்கள் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், அப்பா பக்கத்துச் சந்தில் ஒரு எக்ஸ்சேஞ்ச் கடையைப் பார்த்துவிட்டு, மூத்தவனைக் கையில் பிடித்துக்கொண்டு மாற்றப் போய்விட்டார்.

அப்பா கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நோட்டு எண்ணுவதில் அவரிடம் யாரும் வாலாட்ட முடியாது. கண்ணாடியில் '0% கமிஷன்' என்று முழ நீளத்துக்கு எழுதியிருந்ததாம். அதையும் நம்பாமல் "நோ கமிஷன்?" என்று கேட்டிருக்கிறார். "நோ கமிஷன் சார்" என்று சிரித்துக்கொண்டே பதில் வந்திருக்கிறது. அது பொய் இல்லை. கமிஷன் ஒரு காசு எடுக்கவில்லை. யூரோவுக்கு 19 கிரௌன் ரேட் போட்டு 5,700 கிரௌனை அப்பா முன்னாலேயே எண்ணிக் கொடுத்தார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. அந்த நோட்டுகளை முன்னே பின்னே பார்த்திராத மனிதருக்கு அது 7,500 ஆக இருந்திருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? 1,800 கிரௌன் போச்சு. நம் கணக்கில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல்.

இது தெரிந்ததே தற்செயல்தான். குளிர் தாங்காமல் ஒரு காபிக் கடைக்குள் புகுந்து, பிள்ளைகளுக்கு ஹாட் சாக்லேட் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். மணி நாலுதான் ஆகியிருந்தது, வெளியே இருட்டிவிட்டது. பில்லுக்கு அப்பா பணத்தை எடுக்கும்போது ரசீதும் கூடவே வந்தது. அதை வாங்கிப் பார்த்த என் கணவர் போனில் ஒரு கணக்குப் போட்டார், அப்புறம் என்னைப் பார்த்தார். "என்னங்க மாப்பிள்ளை, கொறையுதுங்களா?" என்று அப்பா கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுண்டிவிட்டது. "சரி வுடுங்க, போனது போச்சு. புள்ளைங்க முன்னாடி பேச வேண்டாம்" என்றார்.

போனது போகவில்லை. எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். 2019 ஏப்ரல் 1 முதல் செக் நாட்டில் ஒரு சட்டத் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் கடையில் பணம் மாற்றினால், மூன்று மணி நேரத்துக்குள் திரும்பப் போய் அந்தப் பரிமாற்றத்தையே ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1,000 யூரோவுக்குச் சமமான தொகை வரைக்கும் செல்லும். இந்தக் கடைகளை மேற்பார்வை பார்ப்பது செக் தேசிய வங்கி. அவர்களுடைய இணையதளத்திலேயே இதைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு செக் நாட்டுப் பெண் இருக்கிறாள், அவள் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. ரசீதில் 2:48 என்று நேரம் அச்சாகியிருந்தது. ஆக 5:48 வரைக்கும் அவகாசம்.

ஒரு சிக்கல். ரத்து செய்வதென்றால் நாமும் வாங்கிய கிரௌனை முழுசாகத் திருப்பித் தர வேண்டும். அப்பா அதற்குள் பாதி நினைவுப் பொருள் கடைகளில் ஏறி இறங்கியிருந்தார், ஹாட் சாக்லேட் வேறு. குறைந்ததை நிரப்ப ஏடிஎம் தேடினோம். அங்கே அடுத்த பொறி.

சுற்றுலாப் பகுதியில் கடை வாசலுக்கு ஒன்றாக நிற்கிற ஏடிஎம்களில் பெரும்பாலானவை எந்த வங்கியுடையதும் இல்லை. கார்டைச் செருகியதும் முதலில் பெரிய பெரிய தொகைகளாகக் காட்டும். சின்னத் தொகை வேண்டுமென்றால் 'வேறு தொகை' என்பதற்குள் போய் நாமே அடிக்க வேண்டும். அதன் பிறகு ஒரு திரை வரும்: "இந்தத் தொகையை இப்போதே யூரோவில் மாற்றி உங்கள் கணக்கில் எழுதட்டுமா?" சம்மதிக்கும் பொத்தான் பச்சையில் பளிச்சென்று இருக்கும். மறுக்கும் பொத்தான் சாம்பல் நிறத்தில், வேலை செய்யாத பொத்தானோ என்று சந்தேகப்படும்படி இருக்கும். மறுக்கும் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். 'மாற்றம் இல்லாமல் தொடர்க' என்ற பொருளில் எழுதியிருக்கும். அழுத்தினால் இயந்திரம் பணம் தராமல் போய்விடாது. மாற்றுவதை நம் வங்கி அதன் ரேட்டில் செய்துகொள்ளும், அவ்வளவுதான். ஐரோப்பிய மத்திய வங்கியின் ரேட்டை விட எத்தனை சதவீதம் கூடுதலாக எடுக்கிறார்கள் என்று திரையில் காட்ட வேண்டும் என்பது 2020 முதல் ஒன்றியத்தின் விதி. காட்டினார்கள், 12 சதவீதத்துக்கு மேல். பொடி எழுத்தில். நான் மறுத்துவிட்டு 1,000 கிரௌன் எடுத்தேன். இயந்திரக் கட்டணம் என்று தனியாக ஒன்று பிடித்தார்கள், அதிலிருந்து தப்ப முடியவில்லை. நேரம் இருந்தால் உண்மையான வங்கிக் கிளையின் ஏடிஎம்முக்கு நடந்து போங்கள்.

எக்ஸ்சேஞ்ச் கடைக்குத் திரும்பியபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. ரசீதையும் 5,700 கிரௌனையும் கண்ணாடிக்கு அடியில் வைத்து, ரத்து செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பாவிடம் சிரித்துப் பேசிய அதே பெண்ணுக்கு இப்போது ஆங்கிலம் சரியாக வரவில்லை. கம்ப்யூட்டரில் அது முடிந்துவிட்டது என்றாள். மேனேஜர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றாள். நாளைக்கு வந்தால் மூன்று மணி நேரம் கழிந்துவிடும், அது அவளுக்கும் தெரியும். அப்புறம் 'இடைவேளை' அட்டையை எடுத்துக் கண்ணாடியில் சாய்த்து வைத்தாள்.

நான் குரலை உயர்த்தவில்லை. தேசிய வங்கியின் பக்கத்தைச் செக் மொழியிலேயே திறந்து போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். தரவில்லையென்றால் 158-க்கு, அதாவது போலீஸுக்கு, இங்கே நின்றே கூப்பிடுவேன், தேசிய வங்கிக்குப் புகார் இன்றைக்கே போகும் என்றேன். பின்னால் வரிசையில் ஒரு கொரியக் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அவர்களிடம் என் கணவர் ரேட்டைக் காட்டி விளக்க ஆரம்பித்தார். அதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். இடைவேளை அட்டை உள்ளே போனது, 300 யூரோ வெளியே வந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை ஊரில் சொன்னபோது உறவினர் ஒருவர், "பலகையில் ரேட் எழுதியிருக்கிறதே, அப்புறம் எப்படி ஏமாற்று என்கிறாய்? நாம்தான் பார்க்க வேண்டும்" என்றார். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. பலகையில் எழுதிவிட்டால் போதும் என்றால் அந்த நாட்டுக்காரர்களே சட்டம் போட்டு மூன்று மணி நேர அவகாசம் கொடுத்திருக்க மாட்டார்கள். ரேட் எழுதப்பட்டிருப்பது படிப்பதற்காக அல்ல, பின்னால் கேள்வி கேட்டால் கைகாட்டுவதற்காக. கமிஷன் இல்லை என்பதை முழ நீளத்துக்கும் ரேட்டை நகத்தளவுக்கும் எழுதுகிறவனுக்கு நோக்கம் என்ன என்று தெரியாதா?

நகரத்தில் நல்ல ரேட் தரும் எக்ஸ்சேஞ்ச் கடைகளும் உண்டு. பணத்தை நீட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த 100 யூரோவுக்கு என் கையில் எத்தனை கிரௌன் வரும்?" பதிலைக் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்லி, போனில் பார்த்த அன்றைய ரேட்டோடு ஒப்பிடுங்கள். தெருவில் வந்து "சேஞ்ச், நல்ல ரேட்" என்று கூப்பிடும் ஆட்களிடம் நிற்கவே நிற்காதீர்கள். அவர்கள் தருவது பல்கேரியாவின் பழைய லெவா மாதிரி செல்லாத நோட்டாக இருக்கும். செக் நோட்டு எப்படி இருக்கும் என்று போகும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: 100-இல் மகுடம் சூடிய நான்காம் சார்லஸ் மன்னர், 500-இல் எழுத்தாளர் பொஷெனா நெம்ட்சோவா, 1,000-இல் வரலாற்று ஆசிரியர் பலாட்ஸ்கி, 2,000-இல் ஓபரா பாடகி எமா டெஸ்டினோவா. ரத்து செய்யும் சட்டமெல்லாம் கடைக்குத்தான், தெருவில் ஓடிப்போகிறவனை எங்கே போய்ப் பிடிப்பது?

இனி எங்களுக்குத் திரும்பக் கிடைக்காத பணம். அதே சதுக்கத்தின் கிறிஸ்துமஸ் சந்தையில் விறகுத் தீயில் சுழலவிட்டுப் பன்றித் தொடையைச் சுடுவார்கள், பிராக் ஹாம். அம்மாவும் அப்பாவும் சைவம், அவர்கள் தள்ளி நின்றார்கள். என் கணவரும் பையன்களும் வாசனைக்கே மயங்கிவிட்டார்கள். பலகையில் நூறு சொச்சம் கிரௌன் போட்டிருந்தது. சரி, ஒரு தட்டு ஐந்து யூரோவுக்குள் என்று நினைத்து இரண்டு தட்டு கேட்டார். அது தட்டின் விலை இல்லை, 100 கிராமின் விலை. எவ்வளவு வேண்டும் என்று கேட்கவே இல்லை. கனமாக இரண்டு துண்டு அறுத்து, எங்களுக்குத் தெரியாத பக்கம் திரும்பியிருந்த தராசில் போட்டு, சாஸை ஊற்றிவிட்டு விலையைச் சொன்னார்கள். தொள்ளாயிரத்துச் சொச்சம் கிரௌன். இரண்டும் சேர்ந்து 800 கிராமை நெருங்கியதாம். வேண்டாம் என்றால் "அறுத்தாகிவிட்டதே" என்கிறார்கள். பின்னால் வரிசை, முன்னால் பசியோடு பிள்ளைகள். கொடுத்துவிட்டு வந்தோம். பாதிக்கு மேல் கொழுப்பு, சின்னவன் இரண்டு வாயோடு வைத்துவிட்டான்.

ஹாம் வேண்டுமென்றால் "நூறு கிராம்" என்று சொல்லுங்கள், ஒரு விரலைக் காட்டி. கத்தி இறங்கும் முன் சொல்லுங்கள். தராசு உங்கள் பக்கம் தெரியவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

உணவகங்களில் கேட்காமலே மேஜையில் வைக்கும் ரொட்டிக்கும் உப்புப் பிரெட்ஸலுக்கும் பில் வரும். தொடாமல் திருப்பி அனுப்பலாம். தெருவெல்லாம் சர்க்கரை தூவி விற்கும் டிரெடெல்னிக் பண்டத்தைப் 'பழைய பொஹீமியப் பாரம்பரியம்' என்று பலகை போட்டு விற்கிறார்கள். பொஹீமியா என்பது செக் நாட்டின் ஒரு பகுதி, ஆனால் இந்தப் பண்டத்துக்குப் பெயர் பெற்ற ஊர் பக்கத்து நாடான ஸ்லோவாக்கியாவில் இருக்கும் ஸ்கலித்ஸா. ஆனால் சூடாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மாவே இரண்டு சாப்பிட்டார். இன்னொரு நல்ல சேதி: நாங்கள் போனபோது 65 வயதைத் தாண்டியவர்களுக்கு டிராமும் மெட்ரோவும் இலவசம், வெளிநாட்டவருக்கும்தான். அப்பாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பரிசோதகர் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் காகித டிக்கெட்டை மஞ்சள் இயந்திரத்தில் முத்திரை குத்தாமல் ஏறாதீர்கள், அபராதம் நிச்சயம்.

எக்ஸ்சேஞ்ச் கடை பற்றித் தேசிய வங்கிக்கும், ஹாம் கடை பற்றிச் செக் வணிக ஆய்வு அமைப்புக்கும் ஆங்கிலத்திலேயே எழுதி, ரசீதின் படத்தோடு அனுப்பியிருக்கிறேன். வணிக ஆய்வு அமைப்பு கடையைச் சோதித்து அபராதம் போடலாம், நம் பணத்தை வாங்கித் தராது. பரவாயில்லை, நீங்கள் ஏமாந்தாலும் எழுதுங்கள். கடைப் பெயரும் நேரமும் உள்ள ரசீது இருந்தால் போதும். சில ஸ்டால்களில் கேட்டால்தான் ரசீது தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள்.