லாகின் பக்கம் திறந்தால் ஃபெயில்ஓவர் வெற்றியா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

மூன்று காலாண்டு, மூன்று அறிக்கை. மூன்றிலும் பச்சைக் கட்டத்துக்குள் "ஃபெயில்ஓவர் சோதனை: வெற்றி" என்று இருந்தது. மூன்றிலும் கையெழுத்துப் போட்டது நான்தான். ஃபெயில்ஓவர் என்றால் பிரைமரி (முதன்மை) சர்வர் விழும்போது மாற்று சர்வர் வேலையை ஏற்பது. பிரைமரி நிஜமாகவே விழுந்த இரவில் அந்தக் காகிதங்கள் எதற்கும் உதவவில்லை. டிஆர் (பேரிடர் மீட்பு) சேவையை வெளியாளிடம் ஒப்படைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்களுடையது ஆர்டர்கள் பதிவாகும் சாதாரண அமைப்பு. ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், வேறொரு டேட்டா சென்டரில் அதன் நகலாக ஒரு ஸ்டாண்ட்பை (மாற்று சர்வர்). பிரைமரி போனால் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டாண்ட்பை வேலைக்கு வர வேண்டும், 15 நிமிடத்துக்கு மேல் தரவு இழக்கக் கூடாது. இதுதான் ஒப்பந்தம். இதற்காகத்தான் மாதாமாதம் பணம் கட்டினோம்.

அன்று இரவு ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் போய்விட்டது. டிஆர் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "நாற்பது நிமிஷம் கொடுங்க சார், டிஆர்ல ஏத்திடறோம்" என்றார்கள். சொன்னபடி லாகின் பக்கம் வந்தது. இரவுப் பணியில் இருந்தவர்கள் ஆர்டர் போடத் தொடங்கினார்கள். காலையில் கணக்குப் பிரிவு அக்கா கூப்பிட்டார்: "தம்பி, நேத்து போட்ட பில் ஒண்ணையும் காணோமே?" தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். இரவு போட்டவற்றை விட்டால், கடைசி ஆர்டர் 23 நாளைக்கு முந்தையது.

விழுந்தது வன்பொருள், அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரெப்ளிகேஷன், அதாவது பிரைமரியின் மாற்றங்கள் ஸ்டாண்ட்பைக்கு நகலாவது, 23 நாளாக நின்றிருக்கிறது. பேட்ச் போடுவதற்காக அவர்களே ஸ்டாண்ட்பையை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் எழுப்பியிருக்கிறார்கள். அதற்குள் அது கேட்ட வால் (WAL) கோப்புகளை, அதாவது மாற்றங்களின் பதிவுகளை, பிரைமரி அழித்துவிட்டது. அந்த நிலையில் ஸ்டாண்ட்பை தானாகத் தேறி வராது. புதிதாக முழு நகல் எடுத்துக் கட்ட வேண்டும். யாரும் கட்டவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வேலையை விட்டுப் போன ஒருவரின் பெட்டியில் குவிந்து கிடந்தன.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் பிரைமரியின் தரவு தவறுதலாக அழிந்தபோது, தினசரி பேக்கப் வேலையே செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. டேட்டாபேஸின் பதிப்பு 9.6, பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்போ 9.2, அதனால் பேக்கப் தோற்றுக்கொண்டிருந்தது. அது தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் போய்ச் சேரவே இல்லை. ஏறக்குறைய 6 மணி நேரத் தரவு போனது. நடந்ததை அவர்கள் மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். எங்கள் டிஆர் ஆட்கள் மறைத்தார்கள்.

பழைய அறிக்கைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்றிலும் ஒரே லாகின் பக்கப் படம். திரையின் மூலையில் கடிகாரம் மூன்றிலும் 11:42. அந்தப் பக்கம் டேட்டாபேஸைத் தொடாமலே திறக்கும். அவர்கள் செய்த "சோதனை" அவ்வளவுதான்.

தரவு போனதைவிட அதற்குப் பிறகு வந்த வேலைதான் எங்களை முறித்தது. ஸ்டாண்ட்பை 23 நாள் பின்னால் இருந்ததால், ஆர்டர் எண்களும் அங்கிருந்தே தொடர்ந்தன. மூன்று நாள் கழித்துப் பழைய ஸ்டோரேஜ் உயிர் பெற்று அதன் தரவு கைக்கு வந்தபோது, ஒரே எண்ணில் இரண்டு வாடிக்கையாளர்கள். 48112 என்ற எண்ணில் ஒருவர் பணம் கட்டியிருந்தார், இன்னொருவருக்குப் பொருள் போயிருந்தது. ஒவ்வொன்றாகக் கையால் பிரிக்க இரண்டு வாரம் ஆனது.

அப்புறம் டிஎன்எஸ், அதாவது சர்வரின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு. ஒரு முகவரியை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை 86400 வினாடி என்று வைத்திருந்தார்கள். ஒரு நாள் முழுக்கச் சில கிளைகள் செத்துப்போன பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருந்தன.

ஆகவே உங்கள் டிஆர் ஆட்களிடம் கேளுங்கள்: சோதனையில் பிரைமரியை நிறுத்தினீர்களா, இல்லை ஸ்டாண்ட்பையை மட்டும் எழுப்பிப் படம் எடுத்தீர்களா? ஸ்டாண்ட்பைக்குக் கடைசியாக வந்த பரிவர்த்தனையின் நேரம் என்ன? ஒரே ஒரு வினவலில் தெரியும், அதை உங்கள் கண்முன் ஓட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊழியரே உள்ளே போய் ஒரு பதிவு போட வேண்டும், ஒரு பில் அடிக்க வேண்டும், அரை நாளாவது அதிலேயே வேலை பார்க்க வேண்டும். காலாவதியான சான்றிதழ், பழைய சர்வரோடு பிணைந்த லைசென்ஸ், எங்கோ நேரடியாக எழுதிவைத்த ஐபி எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பழைய பிரைமரி திரும்ப எழுந்தால் அதைத் தடுப்பது எது என்றும் கேளுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பதிவு வாங்கினால் எங்கள் 48112 உங்களுக்கும் வரும். பிரைமரிக்குத் திரும்பி வருவதையும் சோதனையில் சேர்க்கச் சொல்லுங்கள். பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ஒப்பந்தத்தில் "ஸ்டாண்ட்பை சர்வர் இயக்க நிலையில் இருக்கும்" என்றுதான் இருக்கிறது, சர்வர் இயங்கியதே என்றார்கள். 15 நிமிடக் கணக்கைக் காட்டினால், அது "இலக்கு" மட்டுமாம். வாதாட எங்களிடம் இருந்தவை என் கையெழுத்துள்ள மூன்று அறிக்கைகள். அவையும் அவர்கள் பக்கம்தான் பேசின.

இப்போது வேறொருவரிடம் மாறியிருக்கிறோம். முதல் டிரில் 3 மணி 20 நிமிடம் எடுத்தது. ஒரு மணி நேர இலக்கு தவறியது என்று அறிக்கையில் அவர்களே எழுதி, காரணங்களையும் கொடுத்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டேன்.