இலவசப் பாட்டு, விளம்பர வருமானம் என்று யாராவது வந்தால் உஷார்! 42,500 ரூபாய் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. பெங்களூரில் சொந்தக் காசைப் போட்டு ஆல்பம் செய்கிற நம்ம ஆட்கள் தயவுசெய்து படியுங்கள். எங்களுக்குப் போனது 42,500 ரூபாய்.

அல்சூர் பக்கம் நாங்கள் ஒரு சின்னக் குழு. ஆடி மாதத்துக்காக எட்டு அம்மன் பாட்டு ரெக்கார்டு பண்ணினோம். ஒரு இலவச மியூசிக் டவுன்லோடு தளத்திலிருந்து போன் வந்தது. கேட்கிறவர் காசு தரவேண்டாம், பாட்டை இறக்கும்போது விளம்பரம் ஓடும், விளம்பரக்காரர் தருவதில் பாதி உங்களுக்கு என்றார்கள்.

கோரமங்களாவில் ஆபீஸ். பேசிய பையன் நல்ல தமிழ், அம்மா ஊர் வேலூராம். போனில் பக்கத்தைத் திறந்து காட்டினான். எங்கள் பாட்டு அங்கே ஏற்கெனவே ஏறியிருந்தது. பாட்டு எழுதிய பெரியவரின் பெயரை இனிஷியல்கூட விடாமல் போட்டிருந்தார்கள். இதுவரை எந்த சிடியிலும் அவர் பெயர் சரியாக வந்ததில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பாட்டுக்கு மேலே ஐந்து நிமிடத்தில் கடன் தருகிற ஆப் விளம்பரம். அம்மன் பாட்டுக்கு இதுவா என்று கேட்டேன். "அவன்தாண்ணா நமக்குப் படியளக்கிறான்" என்று சிரித்தான். 42,500 டெபாசிட் மாதிரி, முதல் பேமென்ட்டோடு திரும்பி வந்துவிடும் என்றான். அங்கேயே ஜிபேயில் அனுப்பினோம். உடுக்கை வாசிக்கிற தம்பி தன் பங்குக்கு 8,000 போட்டான்.

அப்புறம் தளத்தில் எங்கள் வருமானத்தைக் காட்டுகிற டாஷ்போர்டில் தினமும் பணம் ஏறியது. 61,000 வரை ஏறியது. எடுக்கப் போனால் பான் கார்டில் இருக்கிற பெயரும் வங்கியில் இருக்கிற பெயரும் ஒத்துப்போகவில்லை என்றார்கள். அதைச் சரிசெய்தோம். அப்புறம் ஃபைனான்ஸ் டீம் லீவு என்றார்கள். "டிக்கெட் போடுங்க சார்" என்றார்கள், அதாவது தளத்தில் புகாரைப் பதியவேண்டுமாம். போட்ட டிக்கெட்டை அவர்களே மூடிவிட்டு, எங்கள் சேவை எப்படி இருந்தது, ஸ்டார் கொடுங்கள் என்று மெசேஜ்! வேலூர்ப் பையன் போனை எடுப்பதே இல்லை.

கடைசியில் இன்வாலிட் டிராஃபிக், அதாவது விளம்பரத்தில் விழுந்ததெல்லாம் போலிக் கிளிக் என்று சொல்லி மொத்தத்தையும் கழித்துவிட்டார்கள். இருப்பு 212 ரூபாய். எடுக்கவேண்டுமானால் குறைந்தது 8,000 சேரணுமாம். போலிக் கிளிக்கைக் கழிப்பது இந்தத் தொழிலில் நிஜமாகவே உண்டு, கூகுளும் கழிக்கும். ஆனால் எந்தப் பாட்டில், எந்தத் தேதியில் என்று கேட்டால் பதில் சொல்லவேண்டாமா?

அமெரிக்காவிலேயே இது நடக்குது என்று அந்த வேலூர்ப் பையன் சொல்லியிருந்தான், அதைத் தேடிப் பார்த்தேன். நடந்தது உண்மைதான். ஸ்பைரல்ஃப்ராக் என்று ஒரு தளம் 2007-இல் விளம்பரக் காசில் பாட்டைச் சும்மா கொடுத்தது, 2009 மார்ச்சில் மூடிவிட்டார்கள். க்யூட்ராக்ஸ் என்ற இன்னொரு தளம் 2008 ஜனவரியில் பெரிய மியூசிக் கம்பெனிகள் எல்லாம் எங்களோடு என்று கேன்ஸில் ஆர்ப்பாட்டமாக அறிவித்தது, கையெழுத்தே போடவில்லை என்று அந்தக் கம்பெனிகளே மறுத்தன. கணக்கும் எளிதுதான். விளம்பரத்துக்குப் பெரும்பாலும் ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்றுதான் காசு. பாட்டை ஒரு தடவை இறக்கினால் விளம்பரமும் ஒரு தடவைதான் தெரியும். அப்புறம் அதையே வருஷம் முழுக்கக் கேட்டாலும் யாருக்கும் பைசா வராது. இறக்காமல் நெட்டிலேயே சும்மா கேட்கிற ஸ்ட்ரீமிங்கில் நடுநடுவே விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். அப்படியானால் இவர்களுக்கு வருமானம் எது? எங்களுடைய 42,500தான்!

என்ன செய்யவேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. விளம்பர வருமானம் தருகிறேன் என்பவன் உங்களிடம் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தளத்தின் முகவரிக்குப் பின்னால் /ads.txt என்று அடித்தால், அங்கே விளம்பரம் விற்க யாருக்கு அனுமதி என்ற பட்டியல் வரவேண்டும். இவர்களுடையதில் ஒன்றுமே இல்லை. ஒப்பந்தத்தில் பாட்டின் உரிமையை எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கிறோம் என்று எழுதாவிட்டால் நம் காப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி ஐந்து வருஷம் என்று ஆகிவிடும், அதையும் பாருங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் அடியுங்கள், நாங்கள் புகார் கொடுத்தாயிற்று.

பாட்டு எட்டும் இன்னும் அங்கேதான் இறங்கிக்கொண்டிருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று எழுதினால் அதற்கும் ஒரு டிக்கெட் நம்பர் வருகிறது.