மூன்று பேஸும் சமமாகக் கருகிய மோட்டார்: பழைய டிரைவ் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

ரீவைண்டிங் கடைக்காரர் மோட்டாரைத் திறந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "ஏனுங்க, ஓவர்லோட் ரிலேயே இல்லாமயா ஓட்டுனீங்க?" பாரம் மிஞ்சினால் மோட்டாரை அணைத்துவிடும் பாதுகாப்பு அது. உள்ளே மூன்று பேஸ் காயிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தது. ஒரு பேஸ் போய் எரிந்த மோட்டாரில் கருகல் திட்டுத் திட்டாகத் தெரியும், இடையில் நல்ல காயிலும் இருக்கும். எல்லாம் சமமாகக் கருகினால் பாரம் தாங்காமல் வெந்திருக்கிறது என்று அர்த்தமாம். டிரைவ், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டி, வைத்திருந்த மோட்டார் எப்படி அப்படி வேகும் என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார்.

கோவைக்குப் பக்கத்தில் சின்னதாகச் சேமியா மில் வைத்திருக்கிறேன். பிசைந்த மாவைத் திருகு தள்ளி, அச்சு வழியாக இழையாக விடும் மிஷின். மோட்டார் 10 ஹெச்.பி. பல வருஷம், ஒரே வேகத்தில் ஓட்டும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் வம்பில்லாமல் ஓடியது. மெல்லிய இழைக்கு வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்ததால் டிரைவ் போடலாம் என்று இறங்கினேன். புதியதற்குக் கொட்டேஷன் 42,000 ரூபாய். ஒரு கடையில், "பெட்டி மட்டும்தாங்க பிரிச்சது, ஓட்டவே இல்லை" என்று 26,000க்குக் கொடுத்தார்கள். கரண்ட் பில் 40 சதவீதம் குறையும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

அந்தப் பேச்சிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஃபேனுக்கும் பம்புக்கும் அது ஓரளவு சரி. வேகத்தை 80 சதவீதமாக்கினால் இழுக்கும் பவர் பாதிக்கு வந்துவிடும். மாவைத் தள்ளும் திருகுக்கு அந்தக் கணக்கு செல்லாது. மெதுவாகச் சுற்றினாலும் மாவு கொடுக்கும் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கும். பவர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சேமியாவும் குறையும்.

டிரைவ் செய்கிற வேலை ரொம்பப் பெரிய மர்மம் இல்லை. வரும் 415 வோல்ட் மூன்று பேஸ் ஏசியை டயோடுகள் டிசியாக்குகின்றன, சுமார் 580 வோல்ட். பெரிய கெப்பாசிட்டர்கள் அதைத் தாங்கி நிறுத்துகின்றன. ஐஜிபிடி என்ற சுவிட்சுகள் அந்த டிசியை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி, நாம் கேட்கும் ஹெர்ட்ஸில் மறுபடி ஏசியாக மோட்டாருக்கு அனுப்புகின்றன. 50 ஹெர்ட்ஸில் 1,440 சுற்று ஓடும் மோட்டார் 25 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய பாதிதான் ஓடும். வோல்டேஜும் கூடவே பாதியாக இறங்கும். மோட்டாரின் வாலில் இருக்கிற ஃபேனும் அதே தண்டில்தான் இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். மோட்டார் மெதுவாக ஓடினால் காற்றும் குறையும்.

மாட்டிவிட வந்தவர், டிரைவிலேயே ஓவர்லோட் பாதுகாப்பு இருப்பதாகச் சொல்லிப் பழைய ரிலேயைக் கழற்றி என் கையில் கொடுத்தார். முதல் வாரமே தகராறு. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் மாவு உள்ளே இறுகிவிடும். திரும்ப ஸ்டார்ட் செய்தால் டிரைவ் டிரிப், அதாவது தானாகவே நின்றுவிடும். கெட்டியான மாவு வந்தால் ஓடும்போதும் டிரிப். ஃபோன் போட்டேன். வந்தவர் டிரைவின் கீபேடில் என்னவோ தட்டினார். பத்தே நிமிஷம். அப்புறம் ஒரு டிரிப்கூட இல்லை. நான் சந்தோஷமாக 500 ரூபாயும் டீயும் கொடுத்து அனுப்பினேன். ஐந்தே வாரத்தில் மில் முழுக்க வார்னிஷ் கருகின வாசனை.

பிறகு அக்கா பையன் வந்தான். ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்ப்பவன். மெயினை அணைத்ததும் மூடியில் கை வைத்தேன். "மாமா, கையை எடுங்க" என்று கத்தினான். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் டிசி நிற்குமாம், பத்து நிமிஷமாவது பொறுக்க வேண்டுமாம். காத்திருந்தோம். நேம் பிளேட்டைப் படித்தான்: ஹெவி டியூட்டி என்றால் 5.5 கிலோவாட், 13 ஆம்பியர். நார்மல் டியூட்டி என்றால் 7.5 கிலோவாட், 17 ஆம்பியர். ஒரே டிரைவுக்கு இரண்டு கணக்கு. ஃபேன், பம்பு போன்ற லேசான வேலைக்குத்தான் அது 10 ஹெச்.பி. என் திருகுக்கு அது வெறும் ஏழரை ஹெச்.பி. டிரைவ். ஹெவி கணக்கில் ஒரு நிமிஷத்துக்கு 150 சதவீதம் கரண்ட் தாங்கும். நார்மல் கணக்கில் 110தான். இறுகிய மாவை அசைக்க அது எங்கே போதும்?

இதைவிடப் பெரிய அக்கிரமம் கீபேடுக்குள் இருந்தது. என் மோட்டாரின் ரேட்டட் கரண்ட், அதாவது முழுப் பாரத்தில் அது இழுக்க வேண்டிய கரண்ட், 14.5 ஆம்பியர். டிரைவில் 22 என்று போட்டு வைத்திருந்தார்கள். மோட்டார் சூடாகிறதா என்பதை டிரைவ் அந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. எண்ணை ஏற்றிவிட்டால் அது வாயைத் திறக்காது. ஸ்டார்ட் ஆவதற்காக டார்க் பூஸ்டையும் ஏற்றியிருந்தார்கள். குறைந்த வேகத்தில் வோல்டேஜை அதிகமாகத் தள்ளும் அமைப்பு அது. மோட்டார் மெதுவாகச் சுற்ற, காற்று குறைய, 17 ஆம்பியரைக் குடித்துக்கொண்டே வெந்திருக்கிறது. டிரிப் நின்றதற்குத்தான் நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

கடைசியாக ஒரு மெனுவைத் திறந்து காட்டினான். மொத்தம் ஓடிய நேரம்: 31,000 மணிக்கு மேல். இரவு பகலாக மூன்றரை வருஷம். இதுதான் ஓட்டவே இல்லாத டிரைவ். கவரைத் துடைத்து, ஃபேனை மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள்.

கடையில் கேட்டதற்கு, "மோட்டார் உங்களது, அதுக்கு நாங்க எப்படிங்க பொறுப்பு?" என்றார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று பார்த்தேன். வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் பொதுவாக அதில் வராது. சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பவருக்கு 2019 சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் என் கையில் இருப்பது "டிரைவ் 1" என்று எழுதிய துண்டுச் சீட்டு. சீரியல் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி பில் இல்லை. தப்பு என்னுடையதும்தான்.

பழைய டிரைவே வாங்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கடையிலேயே கரண்ட் கொடுக்கச் சொல்லி, ஓடிய மணி நேரத்தையும் பழைய ஃபால்ட் பட்டியலையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் கிளம்பிவிடுங்கள். ஹெச்.பி. பேச்சை விட்டுவிட்டு, ஹெவி டியூட்டி ஆம்பியர் உங்கள் மோட்டாரின் ஆம்பியருக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ரொம்ப நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது என்றால் கெப்பாசிட்டருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் ஏற்றித்தான் எழுப்ப வேண்டும். சர்வீஸ்காரர் எந்த எண்ணை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கீபேடை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரீவைண்டிங்குக்கு 8,500, மில் ஐந்து நாள் மூடல். இப்போதைக்குப் பழைய ஸ்டார்ட்டரையும் ரிலேயையும் திரும்ப மாட்டி ஓட்டுகிறேன், மெல்லிய இழை ஆர்டர் எடுப்பதில்லை. அந்த டிரைவைத் திருப்பிக் கொடுத்தால் 9,000 தருவதாகக் கடைக்காரர் ஆள் அனுப்பினார். துடைத்து வேறு யாருக்காவது 26,000 சொல்வார். கொடுக்கவில்லை. மூடியில் மார்க்கரால் "31,000 மணி" என்று பெரிதாக எழுதி, ஆபீஸ் அலமாரி மேல் வைத்திருக்கிறேன்.